நகையின் விலை

இவ்விதழில் நாம் இதுகாறும் எழுதி வந்தவை பெரும்பாலும் ஏடுகளையும் இலக்கணங்களையும் பற்றியவை. இம்முறை ஒரு விலைப்பட்டியலைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஷஅபான் பிறை வளர்ந்துகொண்டிருந்த நாட்கள். ஒரு ஞாயிறன்று அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு, வேப்பம்பட்டில் உள்ள நம் சிறிய இல்லத்தின் வாயிலில் அமர்ந்திருந்தோம். மூத்த மகள் வந்து ஒரு தாளை நீட்டினாள். அவளுக்கு வயது 27. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறாள். காலையில் மின்சார ரயிலேறிச் சென்று, பெரும்பாலும் மஃரிபுக்குப் பின்னரே இல்லம் திரும்புபவள். சனி, ஞாயிறுகளில் தெருப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறாள்.

தாள் ஒரு பல் மருத்துவமனையின் மதிப்பீடு. கண்ணாடி போல் ஊடே தெரியும் மெல்லிய உறைகளைப் பற்களின்மேல் அணிந்து, சிறிது சிறிதாகப் பல்வரிசையைச் செம்மைப்படுத்தும் மருத்துவமுறைக்கானது. 'கிளியர் அலைனர்' என்கிறார்கள். அடியில் எழுதியிருந்த தொகை ரூ. 2,40,000. அவளுடைய ஊதியம் மாதம் 28,000. எட்டரை மாத உழைப்பு அப்படியே பற்களுக்குப் போகும் என்று மனக்கணக்குப் போட்டோம். தொகையைக் கண்ட அதிர்ச்சியில், ஆலிம் என்ற உரிமையோடு உடனே ஒரு தீர்ப்பும் வழங்கினோம். "அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் அம்மா. அல்லாஹ் படைத்ததை மாற்றலாமா?" என்றோம்.

அவள் மறுமொழி கூறவில்லை. "சரி அத்தா" என்று தாளை நான்காக மடித்தாள். இலேசாகச் சிரித்தாள்; சிரிக்கும்போது வழக்கம்போல் வலக்கை எழுந்து வாயை மறைத்தது.

அந்தக் கையைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சிறுவயது முதலே அவள் அப்படித்தான் சிரிப்பாள். வந்துபோகும் உறவினரிடமெல்லாம், "பாருங்கள், எவ்வளவு ஹயா!" என்று நாம் பெருமைப்பட்டிருக்கிறோம். நாணம் ஈமானின் ஒரு கிளை என்னும் நபிமொழியை விளக்கும்போது, பெயர் சொல்லாமல் அவளையே மாணவர்களுக்கு உதாரணமாகக் காட்டியதும் உண்டு.

அன்றிரவு இஷாவுக்குப் பின் நம் இல்லத்தரசி சொன்னார்: "என்னங்க, அது வெட்கமில்லை. ஏழாம் வகுப்பிலிருந்து அவள் பல்லை மறைக்கிறாள். உங்களுக்குத் தெரியாதா?"

நமக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டு அவள் பள்ளியில் பல் பரிசோதனை முகாம் நடந்தது. மேல்வரிசையில் இருபுறமும் கோரைப்பற்கள் இடமின்றித் தெற்றுப் பற்களாக முன்னே வந்துவிட்டன, கீழ்வரிசை நெருக்கியடித்து நிற்கிறது, இப்போதே கம்பி கட்டினால் நல்லது என்று ஒரு மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். விசாரித்ததில் 22,000 ரூபாய் ஆகும் என்றார்கள். "முளைத்த பல் முளைத்தபடியே இருக்கட்டும்" என்று நாம் சொன்னோமாம். அந்த ஆண்டு நம்மிடம் பணம் இல்லாமலில்லை. திருவல்லிக்கேணியில் ஒரு தஃப்ஸீர் தொகுதியும், அதை வைப்பதற்கு ஒரு கண்ணாடி அலமாரியும் வாங்கினோம். அலமாரி இன்றும் கூடத்தில் நிற்கிறது.

உறக்கம் வரவில்லை. எழுந்து அதே அலமாரியைத் திறந்தோம்.

நாம் மகளிடம் சொன்ன நபிமொழி இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக வருவது. அதில் 'அழகுக்காக' என்னும் சொல் சும்மா நிற்கவில்லை. ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, விலக்கப்பட்டது அழகை மட்டும் நாடிச் செய்வதே, மருத்துவத்திற்காகவோ பல்லில் உள்ள குறையை நீக்கவோ செய்தால் தவறில்லை என்று தெளிவுபடுத்துகிறார்கள். வேலூரில் ஓதிய காலத்தில் நாம் படித்த பாடந்தான். 2,40,000 என்ற எண்ணைக் கண்டதும் பாதி மறந்துபோயிற்று!

அந்த அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் இதைச் சொன்னதும் பனூ அஸத் குலத்துப் பெண்மணி ஒருவர், உம்மு யஃகூப் என்பவர், நேரே வந்து கேள்வி கேட்டார். குர்ஆன் முழுவதையும் ஓதியிருக்கிறேன், நீங்கள் சொல்வதை அதில் காணவில்லையே என்று வாதிட்டார். அவ்வளவு பெரிய ஸஹாபி அமர்ந்து விடை சொன்னார்கள். நம் மகளோ கேட்கவில்லை. கேட்காமலிருக்கப் பழக்கியிருந்தோம், அதையும் நற்குணம் என்றே எண்ணியிருந்தோம்.

அர்ஃபஜா (ரலி) அவர்களின் வரலாறும் நினைவுக்கு வந்தது. அறியாமைக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்து, வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார், அது நாற்றமெடுத்தது. பொன்னால் செய்துகொள்ளுமாறு நபிகளார் (ஸல்) பணித்தார்கள். ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும் தேவை அங்கே வென்றது. ஆடும் பல்லைப் பொற்கம்பியால் கட்டலாம் என்று அறிஞர் பலர் சொன்னதற்கு இதுவே ஆதாரம். குர்துபா நகரத்து மருத்துவமேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (936-1013) தம் அத்தஸ்ரீஃப் நூலின் அறுவை மருத்துவப் பகுதியில், அசையும் பற்களைப் பொன்னிழையால் பின்னிக் கட்டும் முறையைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்; வெள்ளியிழை நிறம் மாறிவிடும், பொன் மாறாது என்று காரணமும் சொல்கிறார். வரிசை பிறழ்ந்து முளைத்த பல்லை அராவுவதற்கான கருவிகளும் அவர் நூலில் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் நேரான பல் மலிவாகக் கிடைக்கவில்லை போலும்.

மறுநாள் மகளிடம், நாம் சொன்னது அரைத் தீர்ப்பு என்று ஒப்புக்கொண்டோம். "அழகுக்காகவும்தான் அத்தா" என்றாள். பிறகு, "ஈறிலும் இரத்தம் வருகிறது" என்று சேர்த்துச் சொன்னாள். கீழ்ப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதால் மிஸ்வாக்கோ தூரிகையோ இடுக்கில் நுழைவதில்லை, காரை படிகிறது.

அம்மருத்துவமனைக்கு ஒருநாள் நாமும் உடன் சென்றோம். விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிய ஆசை. சிகிச்சை செய்யும் மருத்துவர் பொறுமையாகவே விளக்கினார். ஒரு சிறு கருவியை வாய்க்குள் விட்டுப் பற்களைப் படம்பிடிக்கிறார்கள். அப்படத்தைக் கணினியில் ஏற்றி, பற்கள் இப்போது நிற்கும் நிலையிலிருந்து நிற்க வேண்டிய நிலை வரை உள்ள வழியைப் படிப்படியாகப் பிரிக்கிறார்கள். ஒரு படி என்பது ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். ஒவ்வொரு படிக்கும் ஒரு பல்லச்சை முப்பரிமாணத்தில் அச்சிட்டு, அதன்மேல் நெகிழித் தகட்டைச் சூடாக்கிப் படியவைத்து, விளிம்பை வெட்டி மெருகிட்டால் ஓர் உறை. மகளுக்கு மேலே 22, கீழே 22, ஆக 44 உறைகள். ஒவ்வொன்றையும் ஒரு வாரம், இரு வாரம் என அணிந்து அடுத்ததற்கு மாற வேண்டும். உறை ஒருபுறம் அழுத்த, அந்தப் பக்கத்துத் தாடையெலும்பு கரைந்து இடம் விட, மறுபக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. முதிர்ந்தவர்க்கும் இது நிகழும், அவசரப்படுத்தத்தான் முடியாது. நாளில் 20 முதல் 22 மணிநேரம் உறை வாயில் இருந்தாக வேண்டும். உண்ணும்போது கழற்றலாம். அணிந்திருக்கையில் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. ரமளானில் இது எளிது. மற்றப் பதினொரு மாதங்கள் என்ன செய்வது? நாளைக்கு ஐந்து முறை தேநீர் காய்ச்சும் வீடு நம்முடையது.

இந்தக் கருத்து முற்றிலும் புதிதன்று. அமெரிக்கப் பல் மருத்துவர் கெஸ்லிங் 1945இலேயே, படிப்படியாக மாற்றப்படும் ஒரு வரிசைக் கருவிகளால் பற்களை நகர்த்தலாம் என்று எழுதிவிட்டார். ஒவ்வொரு படிக்கும் கையால் அச்செடுப்பது அந்நாளில் நடைமுறைக்கு ஒவ்வாததாய் இருந்தது. பாகிஸ்தானில் வளர்ந்த ஜியா சிஷ்தி என்பவரும் கெல்ஸி வர்த் என்னும் பெண்மணியும், ஸ்டான்ஃபோர்டில் வணிகவியல் பயின்றவர்கள், 1997இல் அலைன் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கி அவ்வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தார்கள். 'இன்விசலைன்' என்று உலகெங்கும் விற்பது அதுவே. சிஷ்தி தாம் வளர்ந்தபின் பற்களுக்குக் கம்பி கட்டிக்கொண்டவர்; அந்த அனுபவத்திலிருந்துதான் எண்ணம் பிறந்தது. இருவருமே பல் மருத்துவர் அல்லர் என்பது வேடிக்கை. இருபது ஆண்டுகள் காப்புரிமை வேலியாய் நின்றது. 2017இல் முக்கியமான காப்புரிமைகள் பல காலாவதியாகத் தொடங்கியதும் பல நாடுகளில் பிறர் நுழைந்தனர். நம் நாட்டிலும் உறைகள் தயாராகின்றன. மகளுக்கு நீட்டப்பட்ட 2,40,000 வெளிநாட்டு உறைக்கானது. உள்நாட்டு உறை என்றால் 1,10,000 என்று பிறகு சொன்னார்கள், முதலில் சொல்லவில்லை.

நெகிழித் தகட்டின் விலை சொற்பம். கணினித் திட்டம், அச்சு, நிறுவனத்தின் பெயர், மருத்துவரின் அறிவு, குளிரூட்டிய கூடத்தின் வாடகை எல்லாம் சேர்ந்ததே பட்டியல். பட்டியலில் சேராதவையும் உண்டு. உறை பிடிப்பதற்காகப் பல்லின்மேல் பல்நிறத்தில் சிறு மேடுகள் ஒட்டுவார்கள். இடம் போதாவிட்டால் பற்களின் இடையே அரைமில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ப்பார்கள். நபிமொழியில் வரும் அராவுதலுக்கு இது எவ்வளவு அருகில், எவ்வளவு தொலைவில் என்று நாம் அங்கேயே சிந்தித்துக்கொண்டிருந்தோம். திட்டமிட்டபடி பல் நகரவில்லையானால் மீண்டும் படம்பிடித்து மீண்டும் உறைகள். எல்லாம் முடிந்தபின், பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாதிருக்க இரவில் ஓர் உறை அணிய வேண்டும். எத்தனை நாளைக்கு என்றோம். "ஆயுளுக்கும்" என்றார் மருத்துவர். அது தேயும், உடையும். ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டும். பொதுவாக மருத்துவக் காப்பீடு இவ்வகைச் செலவுகளை ஏற்பதில்லை.

வெளியே கணக்குப் பார்க்கும் இளைஞர், "இன்றே முன்பணம் கட்டினால் சலுகை உண்டு, வட்டியில்லாத் தவணையும் உண்டு" என்றார். மாதம் 10,000 வீதம் 24 மாதம். மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு என்றோம். 2,15,000 என்றார். தவணைக்கு விண்ணப்பக் கட்டணம் 4,000 தனி. விற்பவரே ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்று முன்கூட்டியே வைப்பதை ஃபிக்ஹ் அறிஞரிற் பெரும்பாலோர் ஏற்றிருக்கின்றனர். ஆனால் இங்கே விற்பவர் வேறு, கடன் கொடுப்பவர் வேறு. இடையில் ஒரு நிதி நிறுவனம் நமக்காக 2,15,000 கட்டிவிட்டு நம்மிடம் 2,40,000 வாங்கிக்கொள்கிறது. இதற்கு வட்டியில்லாக் கடன் என்று பெயர் சூட்டியவரின் சொல்லாற்றலை வியந்தபடி எழுந்தோம்.

முழுத் தொகையையும் முன்னரே கட்டுவதிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் ஸ்மைல்டைரக்ட்கிளப் என்று ஒரு நிறுவனம் 2014இல் தொடங்கி, மருத்துவரை நேரிற் காணாமலே அஞ்சலில் உறைகளை அனுப்பிக் குறைந்த விலையில் விற்றது. 2023 செப்டம்பரில் நொடித்துப்போனதாக அறிவித்து, டிசம்பரில் கதவை மூடியது. பாதி நகர்ந்த பற்களோடு பலர் நின்றார்கள். தவணையில் வாங்கியவர்கள் மீதியைத் தொடர்ந்து கட்ட வேண்டும் என்ற அறிவிப்பும் வந்தது!

ரமளான் வந்தது, பேச்சு நின்றது. ஷவ்வாலில் ஒருநாள் மகள் விடுப்பெடுத்துக்கொள்ள, இருவரும் மின்சார ரயிலில் மூர்மார்க்கெட் நிலையம் சென்று, கோட்டை ரயில் நிலையத்தின் அருகிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு நடந்தோம். 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது அது. வரிசையில் எல்லா வகை மக்களும் இருந்தார்கள். காத்திருக்கையில் மகளுக்கு டாக்டர் ரஃபியுத்தீன் அஹமதைப் பற்றிச் சொன்னோம். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் நிறுவியவர். அதற்கான பணத்துக்கு அவர் நடத்தியது 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்னும் கடை. பல்லைக் கெடுக்கும் இனிப்பை விற்றுப் பல்லைக் காக்கும் கல்லூரி கட்டினார் என்றதும் மகள் சிரித்தாள். கை எழுந்து மறைத்தது. அக்கல்லூரியை அவர் 1949இல் மேற்கு வங்க அரசுக்கே கொடுத்துவிட்டார். 1964இல் பத்மபூஷண் பெற்றார்.

அங்கே பார்த்த இளம் மருத்துவர் நெடுநேரம் பற்களை ஆராய்ந்தார். மேலேறி நிற்கும் கோரைப்பல்லைக் கீழே இழுப்பதும், உருண்டை வடிவான பல்லைத் திருப்புவதும் உறையால் கடினம், இந்த வாய்க்குக் கம்பியே நம்பகமானது என்றார். அப்படியானால் இரண்டு லட்சத்துக்கு மேல் கேட்டது எதற்காக என்று வினவினோம். "தெரியாமல் இருப்பதற்காக ஐயா. கழற்றிச் சுத்தம் செய்யலாம், அடிக்கடி மருத்துவரிடம் வர வேண்டாம், அந்த வசதிகளும் உண்டு. ஆனால் பெரியவர்கள் கேட்பது பிறர் கண்ணில் படக்கூடாது என்பதைத்தான்" என்றார்.

திரும்பும் ரயிலில் மகளைக் கேட்டோம்: பிறர் கண்ணில் பட்டால் என்ன? வில்லிவாக்கம் வரை அவள் பேசவில்லை. பிறகு சொன்னாள். பன்னிரண்டு வயதில் கட்டினால் கம்பி. இருபத்தேழில் கட்டினால் கதை. அலுவலகத்தில் கேட்பார்கள், திருமண வீடுகளில் கேட்பார்கள், 'இந்த வயதிலா' என்பார்கள், பெண் பார்க்க வருவோர் காரணம் தேடுவார்கள். "உங்கள் மாணவர்களுடைய பெற்றோர்கூட உங்களைக் கேட்பார்கள் அத்தா."

உண்மை. நாமே கேட்டிருப்போம். பிறர் நாவுக்கு அஞ்சி ஒருத்தி எட்டரை மாத ஊதியத்தை இழக்க முன்வருகிறாள் என்றால், அந்த நாவுகளில் ஒன்று நம்முடையது. வரவேற்பறையில் அமர்ந்து வேலை பார்ப்பவரும், மேடையேறிப் பேசுபவரும் அவ்விலையைக் கொடுத்து உறை அணிவதை நாம் வீண் என்று சொல்லத் துணியோம்.

அவளுக்கு இன்னோர் அச்சமும் இருந்தது. அது கணக்கில் வராதது. உறையோ கம்பியோ வாய்க்குள் வந்தால் எழுத்துகள் பிசகுமே, பிள்ளைகளுக்கு எப்படி ஓதிக் கொடுப்பது என்றாள். இங்கே நமக்குக் கொஞ்சம் உற்சாகம் பிறந்தது. தஜ்வீத் கலையில் பாதி பற்களின் கணக்கே அன்றோ! ஸனாயா, ரபாஇய்யாத், அன்யாப், ளவாஹிக், தவாஹின், நவாஜித் என்று முப்பத்திரண்டு பற்களுக்கும் ஆறு பெயர் சொல்லித்தானே ஓதத் தொடங்குகிறோம். ஃபே என்னும் எழுத்து மேல் முன்பற்களின் நுனியும் கீழுதட்டின் உட்புறமும் சேரப் பிறக்கும். தொல்காப்பியரும் பிறப்பியலில் வகரத்துக்குப் பல்லையும் இதழையும் சேர்த்தே சொல்கிறார். ஸீன், ஸாத் ஆகியவற்றில் ஓசை பற்களின் இடுக்கு வழியே சீழ்க்கை போல் வெளிப்பட வேண்டும். உறை அணிந்தோர்க்கு முதற்சில நாட்கள் இவ்வெழுத்துகளே குழறும் என்றும், பிறகு நாவு பழகிக்கொள்ளும் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். குழறினால் ஒரு மாதம் பிள்ளைகளை நாம் பார்த்துக்கொள்வதாக வாக்களித்தோம். நம் பேச்சில் அவளுக்கு உபயோகமாய் அன்று அமைந்தது இது ஒன்றுதான் போலும்.

இல்லத்தில் அன்றிரவு ஆலோசனை. உம்ராவுக்கென்று நாம் சேர்த்து வைத்திருந்த 1,10,000 ரூபாயை எடுத்து மகள்முன் வைத்து, உள்நாட்டு உறைக்கு இது சரியாக இருக்கும் என்றோம். இல்லத்தரசி தம் கைவளையல்கள் இரண்டையும் கழற்றினார். தமிழில் நகை என்பது சிரிப்புக்கும் பெயர், அணிகலனுக்கும் பெயர்; முறுவல் என்பது புன்சிரிப்பையும் குறிக்கும், பல்லையும் குறிக்கும். ஒரு நகையை விற்று இன்னொரு நகை வாங்குவதா என்று நாம் சொல் நயம் காட்டியதை அங்கே எவரும் இரசிக்கவில்லை.

மகள் இரண்டையும் ஒதுக்கினாள். பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில், மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் கம்பி கட்டுகிறார்கள்; அவளுக்கு 35,000 ஆகும், சனிக்கிழமையும் வரலாம் என்று தானே விசாரித்து வைத்திருந்தாள். மாதம் ஒரு வேலைநாளைக் கோட்டைப் பக்கம் கழிக்க அவளால் இயலாது. "13,000 என்னிடம் இருக்கிறது. மீதி 22,000 மட்டும் கொடுங்கள் அத்தா" என்றாள். அந்த எண் அவளுக்கு நினைவிருந்திருக்கிறது. அவள் வேண்டுமென்றே சொன்னாளா, கணக்கு அப்படித்தான் அமைந்ததா என்று நாம் கேட்கவில்லை. எண்ணிக் கொடுத்தோம்.

இது ஐந்தாம் மாதம். கட்டாயக் குளிப்பில் நம் ஹனஃபி மத்ஹபின்படி வாய் கொப்பளிப்பது ஃபர்ளு ஆயிற்றே, கம்பியின் அடியில் நீர் சேராதே என்று அவளே கேட்டாள். கழற்ற இயலாதபடி மருத்துவத்துக்காக ஒட்டியது உடலோடு சேர்ந்ததே, அதன்மேல் நீர் பட்டால் போதும் என்று விடை சொன்னோம். இம்முறை நூலைப் பார்த்துவிட்டு. கம்பியை இறுக்கும் சனிக்கிழமை இரவுகளில் மெல்ல முடிவதில்லை, கஞ்சிதான். அலுவலகத்தில் மூன்று நாள் கேட்டார்களாம், நான்காம் நாள் மறந்துவிட்டார்களாம். ஓத வரும் சிறுமி ஒருத்தி, "அக்கா, உங்கள் வாயில் ஏன் ஆணி?" என்று கேட்டபோது, வாயைத் திறந்து ஒவ்வொரு பல்லாகக் காட்டி ஸனாயா, ரபாஇய்யாத், அன்யாப் என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்ததை நாம் உள்ளறையிலிருந்து கேட்டோம். சிரிக்கும்போது கை இன்னமும் எழுகிறது. சில வேளை கன்னம் வரை வந்து நின்றுவிடுகிறது.